குட்டையாக வெட்டிய நூல்

பிரசவத்தில் விழும் நஞ்சை அப்புறப்படுத்துவது எங்கள் ஆஸ்பத்திரியில் ஆயாவின் வேலை. அன்று அதை நான் செய்துகொண்டிருந்தேன். பிறந்த குழந்தையின் முகத்தில் ஆக்சிஜன் பிடிப்பது என் வேலை. அன்று அதை ஆயா செய்துகொண்டிருந்தாள்.

காலை பதினொன்று இருக்கும். டாக்டர் மாடியில் ஒரு சிசேரியனில் இருந்தார். கீழே பிரசவ அறையில் நாங்கள் மூன்று பெண்கள். மேசையில் ராஜாத்தி. அவளுக்கு ஏழாவது மாதமே வலி கண்டு, எண்ணூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கும்போதே தலை தெரிந்துவிட்டது. பையன். ஒரு கிலோ இருநூறு கிராம். விளக்குச் சூட்டில் கிடந்து, மூச்சு விடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, தட்டில் கிடந்த நஞ்சின் சவ்வை விரல்களால் விரித்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஏ ஷிஜி, அங்கன என்னத்தக் கெளறிட்டு இருக்க?" என்றாள் ஆயா இசக்கியம்மாள். "இங்க வந்து புள்ளயப் பாரு. இந்தச் சனியன எப்படிப் பிடிக்கணும்னே எனக்குத் தெரியல."

"மூக்குக்கு நேரா பிடிங்க அக்கா. ரெண்டு நிமிஷம்."

ராஜாத்தி தலையைத் தூக்கப் பார்த்தாள். "சிஸ்டர், கொய்ந்த ஏன் அய்வல?"

"அழும். படுத்துக்கோ."

"இத்தையாவது உசுரோட குடுத்துடு சிஸ்டர். வேற ஒண்ணும் கேக்கல நானு."

இரண்டு நிமிடம் என்று சொன்னேன். நான்கு ஆனது. நீங்கள் கேட்பதால் சரியாகச் சொல்கிறேன் மேடம்.

நான் தேடியது சவ்வின் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்தேன். அதையும் நஞ்சையும் ஒரே மஞ்சள் பையில் போட்டு முடிந்தேன். பிறகு ஆக்சிஜனை ஆயாவிடமிருந்து வாங்கிக்கொண்டேன். பையன் ஒருமுறை அழுதான். பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. 108 வந்ததும் அவனையும், துணைக்கு அவன் அப்பா பீம்ராவையும், இசக்கியம்மாளையும் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். மேசைக்குத் திரும்பி மீதி வேலைகளை முடித்துக் கை கழுவினேன்.

நான் தேடியது காப்பர்-டி. ராஜாத்தியின் கர்ப்பப்பையில் அது ஏழு வருஷமாக இருந்தது. வைத்தவள் நான். அவளுக்கு அது தெரியாது.

முறைப்படி என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். திருவொற்றியூரில் இந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். டாக்டர் கையெழுத்துப் போடுவார். பிள்ளையை வெளியே எடுப்பவள் நான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு பெண் வண்டியை நிறுத்துவாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பையனின் காதைத் திருகி, "உன்ன வெளிய இஸ்துப் போட்டது இவுங்க தாண்டா, வணக்கம் சொல்லு" என்பாள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்துப் பெண்கள் என்னைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூட விழுங்குவதில்லை. இந்த விசாரணைக்கு அது தேவைப்படும்.

நானும் ஒரு காலத்தில் அவர்களைக் கேட்டுத்தான் எல்லாம் செய்தேன். ஜெனி விஷயத்தில்தான் அதை நிறுத்தினேன்.

ஜெனி வண்ணாரப்பேட்டையில் நைட்டி மொத்த வியாபாரம் செய்கிற குடும்பத்து மருமகள். நான்கு வருஷத்தில் மூன்று பெண் குழந்தைகள். மூன்றாவது பிறந்த அன்று அவள் உதட்டிலேயே ரத்தம் இல்லை. காப்பர்-டி வைத்துக்கொள், மூன்று வருஷம் உடம்பு தேறட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் கணவனைப் பார்த்தாள். அவள் கணவர் அய்யாத்துரை கைப்பேசியைப் பார்த்தார்.

"அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன் சிஸ்டர்."

அம்மா திருநெல்வேலியில். அம்மா தங்கள் சர்ச்சின் சபை ஊழியரைக் கேட்க வேண்டுமாம். மூன்று நாள் பார்த்தேன், பதில் வரவில்லை, ஜெனி வீட்டுக்குப் போய்விட்டாள். மறுவருஷம் நான்காவதற்கு வந்தாள். பையன். நல்ல எடை. ஜெனிக்கு உதிரம் நிற்கவில்லை. நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. வராந்தாவில் அய்யாத்துரை என் முன்னால் உட்கார்ந்து சொன்னார்: "போன வருசமே அம்மா சரின்னுட்டாவ சிஸ்டர். தீவாளி சீசன்... கட சோலில ஒங்கள்ட்ட சொல்ல விட்டுப்போச்சு."

நல்ல மனுஷன். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்டது என் தவறு என்று மட்டும் புரிந்தது. கேட்காமல் வைத்திருந்தால் ஜெனி இன்றைக்குக் கடையில் உட்கார்ந்து நைட்டிக்கு விலை சொல்லிக்கொண்டிருப்பாள்.

அதிலிருந்து நான் யாரையும் கேட்கவில்லை. நஞ்சு விழுந்த கையோடு வைப்பது சுலபம். இரண்டு நிமிடம் போதும். பிரசவ வலிக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன வலி யாருக்கும் தனியாகத் தெரிவதில்லை. அதன் அடியில் ஒரு நூல் இருக்கும். பிற்பாடு பிடித்து இழுத்து எடுப்பதற்கான நூல். அது கையில் தட்டுப்பட்டால் கேள்வி வரும். கணவனுக்குத் தட்டுப்பட்டால் சண்டையே வரும். ஆகவே வைக்கும்போதே குட்டையாக வெட்டிவிடுவேன்.

எல்லோருக்கும் வைத்துவிடவில்லை. ரத்தம் குறைந்தவர்கள், சின்ன வயதுக்காரர்கள், வீட்டில் மாமியார் வார்த்தைதான் வார்த்தை என்று இருப்பவர்கள், இவர்களுக்கு மட்டும். மூன்று வருஷம் கழித்து வேறு ஏதாவதற்கு வரும்போது, சுத்தம் செய்கிறேன் என்று சொல்லி எடுத்துவிடுவேன். சிலருக்கு எடுத்தேன். சிலருக்கு நூல் எட்டவில்லை. சிலரை அரசாங்கம் வீட்டை இடித்துப் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டது. அவர்களை நான் எங்கே போய்த் தேடுவது? நீங்கள் தயாரித்திருக்கும் பட்டியலில் நாற்பத்தொரு பெயர் இருக்கிறது. மற்றவர்களை நினைவு வரும்போது சொல்கிறேன்.

நான் அவர்களுக்கு எதிராக எதையும் செய்யவில்லை மேடம். ஒவ்வொருத்தியும் மனதுக்குள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வீட்டில் இடமில்லை. அவளுக்குப் பதில் நான் சொன்னேன்.

ராஜாத்திக்கு வருகிறேன்.

முதல் பிரசவத்துக்கு அவள் வந்தது ஒன்பது வருஷத்துக்கு முன்னால். வயது இருபத்திரண்டு. ரத்த அளவு ஏழரை. பீம்ராவ் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுபவன். இரும்புச் சத்து போதவில்லை என்று நான் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான்.

"டெய்லி டன் கணக்குல இரும்பு தூக்குறேன். எம் பொண்டாட்டிக்கு இரும்பு பத்தலன்றியே சிஸ்டர். மார்க்கெட்ல சொன்னா காறித் துப்புவானுங்க."

"நீ சும்மா கெட நைனா," என்றாள் ராஜாத்தி. "சிஸ்டர் பேஜாராயிடப் போறாங்க."

பெண் குழந்தை பிறந்தது. யசோதரா என்று பெயர் வைத்தார்கள். நஞ்சு விழுந்ததும் நான் ராஜாத்திக்கு வழக்கம்போல வைத்தேன். ஐந்தாவது மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, வலிப்பு வந்தது, போய்விட்டது. அதில் என் பங்கு எதுவுமில்லை. அடக்கம் முடிந்த மறுவாரம் ராஜாத்தி என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். சேலையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"பாலு கட்டிகினு நோவுது சிஸ்டர். குடிக்கத்தான் ஆளு இல்ல. சீக்கிரம் இன்னொண்ணு வேணும் எனக்கு."

அன்றே எடுத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். எடுக்கத்தான் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் தேடினேன். நூல் கிடைக்கவில்லை. நான் வெட்டியதிலேயே குட்டையான நூல் அவளுடையதுதான் போலிருக்கிறது. இனி டாக்டர்தான் மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும். டாக்டர் முதலில் கேட்பது, யார் வைத்தது என்பதாக இருக்கும். துக்கத்தில் இருப்பவளுக்கு அந்தப் பேச்செல்லாம் எதற்கு? உள்ளே கொஞ்சம் புண் இருக்கிறது, ஆறட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு வருஷம் ஆறட்டும் என்று நினைத்தேன். அது ஆறு வருஷமாகிவிட்டது.

அந்த ஆறு வருஷமும் மாதம் தவறாமல் அவளுக்கு மாத்திரை கொடுத்தேன். நல்ல மாத்திரைகள்தான். நாள் குறித்துக் கொடுத்தேன். பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எனக்கு டிபன் பாக்ஸில் மீன் குழம்பு கொண்டுவருவாள். பீம்ராவின் அம்மா வேறு பெண் பார்க்க ஆரம்பித்த கதையைச் சொல்லி ஒருநாள் சிரித்தாள்.

"அதுக்கு உங்க வூட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"'இந்த ஒருத்தி வாய்க்கே என்னால பதில் சொல்ல முடில, இன்னொண்ணு வேறயாம்மா'ன்னுது. அது கெட்டது இல்ல சிஸ்டர். எனக்குத்தான் இது தங்க மாட்டேங்குது." டிபன் பாக்ஸை மேசையில் வைத்தாள். "எதிர் வூட்டுப் பொண்ணு ஸ்கேன் பாக்கச் சொல்லுது. பாக்கட்டா?"

"ஸ்கேன் பார்த்து மனசைக் கெடுத்துக்காதே. நான் இருக்கேன் இல்ல?"

"நீ சொன்னா சரி சிஸ்டர்."

அவளுக்கு வைத்தது ஐந்து வருஷத்துக்கானது. தயாரித்தவன் பொய் சொல்லவில்லை. ஏழாவது வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். லட்டு வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். நானும் ஒன்று சாப்பிட்டேன்.

காப்பர்-டி உள்ளே இருக்கும்போதே கரு உண்டானால், ஆரம்பத்திலேயே நூலைப் பிடித்து அதை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை குறைமாதத்தில் பிறந்துவிடும் அபாயம் உண்டு. பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண். ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கை இரண்டு பக்கம், என் கைக்குத்தான் வந்தது. முதல் பக்கத்தில் குழந்தையின் படம். அதை அவளிடம் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். படம் கிடைத்துவிட்டால் இரண்டாம் பக்கத்தை யாரும் கேட்பதில்லை.

ஏழாம் மாதம் நடந்ததை முதலிலேயே சொன்னேன். பையன் நான்காம் நாள் இறந்தான். பீம்ராவ் மார்க்கெட் சட்டையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ இன்னா சிஸ்டர் பண்ணுவ? நீயும் எவ்ளோ தான் பாப்ப? மனச வுட்டுடாத," என்று எனக்கு ஆறுதல் சொன்னான். அந்த நேரத்தில் எனக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் ராஜாத்தி என்னிடம் வந்துகொண்டிருந்தாள். அதே மாத்திரைகள், அதே பேரீச்சம்பழம். போன மாதம் மாத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது வயிற்றுவலி தாங்காமல் அங்கேயே ஒரு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். படத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தாள்.

"உள்ள காப்பர்-டி கீதுன்றாங்க சிஸ்டர். நானு எதுவுமே வெச்சிக்கலியே. அவுங்க மிஷினு ரிப்பேரு தான? நீ சொல்லு சிஸ்டர்."

"இருக்கும்," என்றேன்.

பீம்ராவ் கதவோரம் நின்றிருந்தான். அன்றைக்கு அவன் எதற்கும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தான். பிறகு ராஜாத்தியின் கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

ஆஸ்பத்திரி வக்கீல் பிராங்கிளின் நேற்று என்னை உட்காரவைத்துப் பேசினார். முதல் பிரசவத்தில் வாய்வார்த்தையாகச் சம்மதம் வாங்கி வைத்தது. வேலைப் பளுவில் அட்டையில் குறிக்க மறந்தது. அதுவே இத்தனை வருஷமும் உள்ளே தங்கிவிட்டது. இப்படி எழுதிக் கொடுக்கச் சொன்னார். மறதிக்குத் தண்டனை குறைவாம். நீங்களும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள்: 'ஒன்பது வருஷங்களுக்கு முன் வைக்கப்பட்ட சாதனம் அகற்றப்படாமல் விடப்பட்டது.'

அந்த வரியை அடித்துவிடுங்கள் மேடம். இருபத்திரண்டு வருஷத்தில் நான் எதையும் உள்ளே மறந்து விட்டதில்லை. பஞ்சுகூட விட்டதில்லை. பழையது நஞ்சோடு போய்விட்டது. மாத்தூர்ப் படத்தில் இருப்பது அதுவல்ல.

அன்று பையனைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, அவன் தங்க மாட்டான் என்று. அவன் போனால் ராஜாத்தி மறுமாதமே அடுத்ததற்கு நிற்பாள். அவள் உடம்பில் அதற்கு ரத்தம் இல்லை. வெளியே ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "அவ்ளோ தானா சிஸ்டர், ஏந்துக்கட்டா?" என்றாள். "ரெண்டு நிமிஷம், அசையாதே," என்றேன். புதிதாக ஒன்றைப் பிரித்தேன். நூலை வெட்டினேன். வைத்தேன்.

அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள்.