ஆறாவது கட்டம்

ஐயா, எனக்குக் கண் பார்வை நன்றாகவே இருக்கிறது. இன்று காலையில்கூட ரவிக்கைக்குக் கொக்கி தைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஊசியில் நூல் ஒரே தடவையில் ஏறியது. நீங்கள் டீயைக் குடியுங்கள், ஆறிப்போய்விடும். நான் எங்கேயும் ஓடிவிடமாட்டேன், நிதானமாகவே சொல்கிறேன்.

உங்கள் விசாரணை அறிக்கையின் நகலை எங்கள் கம்பெனி மதிவாணன் நேற்று எனக்கு வாசித்துக் காட்டினான். ‘தனக்கோடி, வயது அறுபத்தொன்று, பார்வைக் குறைவு காரணமாகக் கிழிசலைக் கவனிக்கத் தவறியிருக்கிறார்’ என்று இருந்தது. வயதானவள், வேண்டுமென்று செய்ததல்ல, வேலையிலிருந்து விடுவித்தால் போதும் என்றும் இருந்தது. நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது சரியில்லை. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

என் வேலை என்ன என்று உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்கமாட்டார்கள். எங்கள் கம்பெனியில் பீங்கான் கோப்பை செய்கிறோம். கோப்பையின் பளபளப்பில் ஓட்டல் பெயரைப் பொறிக்க ஒரு ஆசிட் உண்டு. எங்கள் ஆட்கள் அதை ஊமையன் என்பார்கள். மற்ற ஆசிட் பட்டால் உடனே எரியும், ஆள் கத்துவான், நாம் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றலாம். நாங்கள் வைத்திருக்கும் தண்ணீர் கலந்த ஊமையன் பட்ட இடம் தெரியாது. மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ கழித்துத்தான் வலிக்கும். அந்த வலியும் தோலில் இருக்காது, எலும்புக்குள்ளே இருக்கும். அதற்குள் அது உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் தின்றுகொண்டே நெஞ்சை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். பட்டவுடன் துணியைக் கழற்றி, கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றி, வெள்ளைக் களிம்பைத் தேய்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அந்தக் களிம்பு இருக்கும் அலமாரியின் சாவி பத்தொன்பது வருடமாக என் இடுப்பில்தான் இருக்கிறது. இதோ, இப்போதும் இருக்கிறது.

ஆசிட் கசிந்தாலும் காஸ் கசிந்தாலும் உள்ளே போவதற்கு எங்கள் செராமிக் பேட்டையில் ஆறு பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. வேப்பூர் ரோட்டில் டேங்கர் கவிழ்ந்தால்கூட உதவிக்கு இவர்களைக் கூப்பிடுவார்கள். உடம்பு முழுக்க மூடும் பாதுகாப்பு உடுப்பை, சூட்டு என்போம், போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். வெளியே வந்ததும் அவர்களைக் கழுவி விடுவது என் வேலை. தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கம் மூன்று தொட்டி. முதல் தொட்டியில் சோப்புத் தண்ணீர், அடுத்த இரண்டிலும் வெறும் தண்ணீர். முதலில் சூட்டோடு கழுவ வேண்டும். பிறகு வெளிப்பக்கம் உள்ளே போகிற மாதிரி சூட்டைச் சுருட்டிக் கழற்ற வேண்டும். உள்கையுறை கடைசியில்தான். அதன்பிறகு உடம்பு: தலை, காதுமடல், பிடரி, அக்குள், விரலிடுக்கு, இடுப்புப் பட்டி, முழங்காலுக்குப் பின்பக்கம். தண்ணீர் தானாகப் போகாத இடங்கள் மனித உடம்பில் பதினொன்று இருக்கின்றன. எனக்கு அவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தெரியும். பச்சமுத்துவுக்கு இடது அக்குளில் மடிப்பு அதிகம். மதிவாணனுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு மரு.

எல்லாம் முடிந்ததும் நான் ‘ஆச்சு’ என்பேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராமல் யாரும் மஞ்சள் கோட்டைத் தாண்டமாட்டார்கள். ஒருமுறை முதலாளியே உள்ளே போய்விட்டு, போனில் பேசிக்கொண்டே தாண்டப் பார்த்தார். பச்சமுத்து கையை நீட்டி மறித்து, “அம்மா இன்னும் ஆச்சு சொல்லலிங்க” என்றான். அவரும் நின்றார். நல்ல வெயில், செருப்பில்லாமல் நின்றார்.

பூர்ணிமாவைப் பற்றிச் சொல்கிறேன். கருவேப்பிலங்குறிச்சிப் பெண். சென்னையில் பாதுகாப்புப் படிப்பு படித்துவிட்டு, போன ஆடியில் எங்கள் குழுவுக்கு அதிகாரியாக வந்தாள். இருபத்தாறு வயது. தினமும் பஸ்ஸில் அலைவானேன் என்று நான்தான் என் வீட்டின் முன்னறையை விட்டுக்கொடுத்தேன். நல்ல பெண், ஐயா. அவளைப் பற்றி ஒரு குறையும் என்னால் சொல்ல முடியாது. காலையில் எனக்கும் சேர்த்து டீ போடுவாள். என் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருப்பதைப் பார்த்துவிட்டு மருந்து வாங்கி வந்து தரையில் உட்கார்ந்து போட்டுவிட்டாள்.

அந்தப் புண்ணிலிருந்துதான் எல்லாம் வந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் கூடாரம் மாதிரி ஒன்றை வரவழைத்தாள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. உள்ளே நின்று குழாயைத் திறந்தால் நான்கு பக்கமிருந்தும் தண்ணீர் பீய்ச்சும். அவரவரே கழுவிக்கொள்ளலாம். எல்லோரையும் கூட்டிவைத்து விளக்கினாள்.

“அம்மா, இனிமே நீங்க தண்ணியில நிக்க வேணாம். காலெல்லாம் வெந்து கெடக்குது. சேர் போட்டு உக்காந்துக்கிட்டு, இந்தத் தாள்ல ஒண்ணொண்ணா டிக் போட்டா போதும்.”

மதிவாணன் சத்தமாகச் சிரித்தான். “அப்பாடா! இனிமே ஜட்டியோட அம்மா முன்னாடி நிக்க வேணாம்டா சாமி. பத்து வருசமா மானம் போச்சு.”

“உனக்கு மானம் வேற இருந்துச்சா?” என்றான் பச்சமுத்து. ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குக் கோபம் இல்லை. ஒரு விஷயம் அன்றைக்குத்தான் தெரிந்தது, அவ்வளவுதான். என் முன்னால் தலை குனிந்து நிற்கும்போது அவர்கள் பிள்ளைகளாக நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு வேறு பிள்ளைகள் கிடையாது. அவர்கள் கூச்சத்தில் நின்றிருக்கிறார்கள்.

கூடாரத்தில் முதல் ஒத்திகை நடந்தபோது நான் செம்மண்ணைக் குழைத்து எல்லோருடைய சூட்டிலும் ஆங்காங்கே பூசிவிட்டேன். கழுவிக்கொண்டு வந்தார்கள். பச்சமுத்துவின் முழங்காலுக்குப் பின்னால் சிவப்பு அப்படியே இருந்தது. காட்டினேன். பூர்ணிமா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதுக்குத்தாம்மா நீங்க வேணும். யாருக்கு இருக்குது இந்தக் கண்ணு?” என்றாள். மறுநாள் தாளில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்து அச்சடித்து வந்தாள். ஆறாவது கட்டம். ‘சூட்டில் கிழிசல் உண்டா? பார்ப்பவர்: தனக்கோடி.’ இல்லை என்றால் உடம்புக் கழுவல் சுருக்கமாக முடியும், உள்ளாடை மாற்ற வேண்டாம். உண்டு என்றால் எல்லாவற்றையும் களைந்து, கால் மணி நேரத் தண்ணீர், களிம்பு. அந்தக் கட்டத்தை அவள் எனக்காகவே, என் பெயர் போட்டே சேர்த்தாள். என் கை வேண்டாம், கண் போதும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மாசி பிறந்து நாலாம் நாள் காலை பத்து மணிக்கு ஸ்டோர் ரூமில் ஊமையன் டிரம் ஒன்று தள்ளுவண்டியிலிருந்து விழுந்து உடைந்தது. பூர்ணிமாவும் பச்சமுத்துவும் உள்ளே போனார்கள். அரை மணி நேரத்தில் சுண்ணாம்பு கொட்டி அடக்கிவிட்டு வந்தார்கள். அவன் அவனுடைய கூடாரத்துக்குப் போனான். அவள் பெண்கள் கூடாரத்துக்கு வந்தாள். அங்கே நானும் அவளும்தான்.

குழாயைத் திறப்பதற்கு முன் திரும்பி நின்றாள். “பின்னாடி பாருங்கம்மா. இரும்பு ராக்குல ஒரசுன மாதிரி இருந்துச்சு. சரியா இருக்குதா?”

வலது தொடையின் பின்பக்கம் தையல் விட்டிருந்தது. ஒரு சாண் நீளம். உள்ளே அவள் போட்டிருந்த சாம்பல் நிறக் கால்சட்டை கறுப்பாக நனைந்திருந்தது. ஈரம் கெண்டைக்கால்வரை இறங்கியிருந்தது.

“சரியா இருக்குது கண்ணு” என்றேன்.

அவள் கழுவிக்கொண்டாள். பீய்ச்சிய தண்ணீர் பெரும்பாலும் சூட்டின் வெளியே வழிந்து போனது. சூட்டைக் கழற்றியபோது உடம்பெல்லாம் வியர்வையில் நனைந்திருந்ததால் எந்த ஈரம் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கழற்றிய சூட்டை நானே சுருட்டிப் பையில் போட்டுக் கட்டினேன். பேனாவை எடுத்து ஆறாவது கட்டத்தில் ‘இல்லை’ என்ற இடத்தில் டிக் போட்டேன். கூடாரத்துக்கு வெளியே பச்சமுத்து காத்துக்கொண்டிருந்தான். நான் பழக்கத்தில், “ஆச்சு” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே மஞ்சள் கோட்டைத் தாண்டினாள்.

சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை, ஐயா. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு தழும்பு போதும் என்று நினைத்தேன். குழாய் கழுவினால் இப்படித்தான் ஆகும், அம்மா கை பட்டால்தான் சுத்தம் என்று ஆறு பேரும் புரிந்துகொள்ள ஒரு தழும்பு. கூடாரத்தைச் சுருட்டிவிட்டு மறுபடி மூன்று தொட்டிகளையும் வைத்துவிடுவார்கள். குழுவுக்கும் அதுதான் நல்லது. நாளைக்கு வேறு யாராவது சாகாமல் இருக்க அதுதான் வழி என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அன்று அரைநாள் விடுப்பு. வீட்டுக்கு வந்தோம். அவள் குளித்தாள், ரசம் சோறு சாப்பிட்டாள். இரண்டரை மணிக்குப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“தொடைக்குள்ள என்னமோ கடிக்குதும்மா.”

பார்த்தேன். தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது. வேறொன்றும் இல்லை. வீட்டிலிருந்து கம்பெனிக்கு நடந்தால் பத்து நிமிடம்.

“சூட்டு போட்டு குனிஞ்சி நின்னதுல, சதை புடிச்சிருக்கும்” என்றேன்.

மூன்றரை மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். படித்த பெண், அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “அம்மா, சூட்டு கிழியலதான? நல்லா பார்த்தீங்கதான?”

“என் கண்ணு மேல சந்தேகமா உனக்கு?”

“ஐயோ, இல்லம்மா. நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்.”

நான் ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். ‘நீங்க கழுவியிருந்தா இப்படி ஆகியிருக்காதும்மா’ என்று அவள் வாயால் சொன்னால் போதும், ஓடிப்போய்க் களிம்பை எடுத்து வந்திருப்பேன். சாவியை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் காய வைத்து ஒத்தடம் கொடுத்தேன். சூடு வைத்தால் ஊமையன் இன்னும் வேகமாக உள்ளே போகும் என்று பயிற்சி கொடுக்க வந்த தீயணைப்புக்காரர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் அவளுக்கு ஒத்தடம் இதமாக இருந்தது. என் மடியில் காலைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

ஐந்து மணிக்கு அவள் சொன்னது வேறு. “நான்தாம்மா எங்கியோ சரியா கழுவல போலிருக்குது. எம்மேலதான் தப்பு.”

அதற்குள் அவள் விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தன. மதிவாணனைக் கூப்பிட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயது, கவனமானவர். கேட்க வேண்டியதைக் கேட்டார். “ஆசிட் உடம்புல பட்டுச்சாம்மா?” நான் பையிலிருந்து தாளை எடுத்து ஆறாவது கட்டத்தைக் காட்டினேன். கிழியவில்லை, படவில்லை என்றேன். பூர்ணிமாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் தாளை நம்பினார். வேறு எதற்கோ மருந்து கொடுத்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நெஞ்சு நின்றுவிட்டது. கடைசிவரை என் கையைத்தான் பிடித்திருந்தாள்.

அவள் அம்மா பாஞ்சாலை ஊரிலிருந்து வந்து சேர்ந்தபோது என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். “எம்மவளுக்கு நீங்க ஒரு தாயி மாதிரி இருந்தீங்களேம்மா” என்றாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். உடம்பைக் கழுவும் நேரம் வந்ததும் நானே கழுவுகிறேன் என்றேன், விட்டார்கள். பதினொரு இடமும் கழுவினேன். அவளைக் கழுவியது அந்த ஒரு தடவைதான்.

சூட்டு இருந்த பையைப் பிரித்துப் பார்த்துக் கிழிசலைக் கண்டுபிடித்த பிறகும் யாரும் என்னைத் திட்டவில்லை, ஐயா. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேன்டீனில் பச்சமுத்து பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. “பாவம் கெழவி, கண்ணு தெரியாம போச்சு. நாமதான் வயசானவள அந்த எடத்துல வெச்சிருக்கக் கூடாது.” மதிவாணன் எனக்குக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தான். நேற்று தொட்டிக்குப் பக்கத்தில் போனபோது, “பார்த்து, பார்த்து, படி இருக்குது” என்று கையைப் பிடித்தான். பத்தொன்பது வருடத்தில் எனக்கு யாரும் படி காட்டியதில்லை.

அதனால் சொல்கிறேன். கிழிசலைப் பார்த்தேன். ஒரு சாண் நீளம், வலது தொடை, மேலிருந்து மூன்றாவது தையல். ஈரத்தையும் பார்த்தேன். அது என்ன ஈரம் என்பதும் தெரியும். தெரிந்துதான் டிக் போட்டேன். சாவி என் இடுப்பில் இருக்கும்போதே ஒத்தடம் கொடுத்தேன். டாக்டரிடம் பொய் சொன்னேன். இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் பார்வைக் குறைவு என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். அடுத்த வாரம் புதிதாக ஒரு பெண் வருகிறாளாம், வளர்மதி என்று பெயர். அவள் வருவதற்குள் எழுதிவிட்டால் நல்லது. அரைகுறைக் கண்ணுள்ளவர்கள் கையில் அவளை விட்டுவிடாதீர்கள். அந்தத் தாள் உங்கள் கோப்பில்தானே இருக்கிறது? எடுத்துப் பாருங்கள். ஆறாவது கட்டம், பயறு அளவுதான் இருக்கும். என் டிக் அதற்குள் எவ்வளவு அழகாக அடங்கியிருக்கிறது பாருங்கள், கோட்டில் எங்கேயாவது படுகிறதா? கண் தெரியாதவள் போட்டதா ஐயா அது?