ஜாடியின் உட்புறம்

என் தங்கை வெர்னாவுக்கு நான் வைக்கும் பச்சை மிளகாய்க் குழம்பு பிடிக்கும். அன்றும் அதைத்தான் வைத்துக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் கொல்லைப்பக்கம் போய், சுடுவதற்கு அவள் வைத்திருந்த மண் ஜாடிகளின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்தேன்.

சுடாத ஜாடியில் ஈரம் இருந்தால் நெருப்பில் வெடித்துவிடும். பியூப்லோ என்கிற எங்கள் பழங்குடி ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாய் குறுகிய ஜாடிக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். அந்தக் குளிர்காலத்தில் வெர்னாவின் கைக்குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோனது. அவள் மனம் ஆறட்டும் என்று நான்தான் சாந்தா ஃபே நகரத்து அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். கிடங்கிலிருந்து எங்கள் ஊர்ப் பழைய ஜாடி ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். கழுத்தைச் சுற்றிப் பறவைகள். நான் அளவெடுத்து வரைந்துகொண்டேன். அவள் சும்மா பார்த்தாள். வீட்டுக்கு வந்து, நார் மிகுந்த யுக்கா செடியின் இலை நுனியை மென்று தூரிகையாக்கி, தன் ஜாடியில் தானே பறவைகளைப் போட்டாள். நான் போட்ட பறவைகள் என் ஜாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. அவளுடையவை அதைச் சுற்றிப் பறந்தன. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அது பொய்யில்லை.

அன்று அவள் நெருப்பு மூட்டியதும் சாண வறட்டிகளுக்குள்ளிருந்து பட்பட்டென்று சத்தம் வந்தது. சாம்பலை விலக்கினால் அவளுடைய ஜாடி ஒன்றுகூட முழுசாக இல்லை. தனியே சுட்ட என்னுடையவை நன்றாக இருந்தன.

“அக்கா, நம்ம மனசுல இருக்கறது மண்ணுக்குத் தெரியும்பாங்களே. என் துக்கம் உள்ள போயிடுச்சோ?”

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

“இருக்கும்டி. கொஞ்ச நாள் மண்ணைத் தொடாம இரு.”

துணியைவிட அந்தச் சொல்தான் அவளை உடைத்தது. ஆனாலும் அவள் விடவில்லை. சோளமாவு தூவி, மண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி செய்தாள். நானும் மறுபடி குழம்பு வைத்தேன்.

அவையும் வெடித்த பிறகு, மெருகேற்றும் கல்லையும் தூரிகைகளையும் என் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

“பறவையை இனி நீயே போடுக்கா. உன் மனசு சுத்தம். உன் கையில நிக்கும்.”

அவளுடைய பறவைகளைப் பார்த்து நான் போட்ட ஜாடிக்கு ஆகஸ்ட் மாதக் கைவினைச் சந்தையில் முதல் பரிசு என்று நீல நாடா கட்டினார்கள். படம் எடுக்க அவளையும் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூசிப்போனேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

இந்த வருடம் வெர்னாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வெர்னா அதைத் தூக்குவதில்லை. பால் கொடுக்கும்போதுகூட நான்தான் ஏந்திப் பிடிக்க வேண்டும். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

“என் கை பட்டது எதுவும் நிக்கலக்கா. நீயே வச்சுக்க.”

அவளிடம் உண்மையைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் குழந்தை இப்போது என்னிடம்தான் தூங்குகிறது. எனக்கென்று பிள்ளை இல்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த நேரத்தில் பிரித்தால் பாவம், குழந்தை ஏங்கிப் போய்விடும்.