நட்சத்திரத்தின் பல்ஸ்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில், டூட்டி முடிந்து வந்த இரண்டு நர்சுகள் என் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

“டெல்லில என் பொண்ணு நட்சத்திரத்துக்கு பல்ஸ் பாக்குறா,” என்றார் மூத்தவர்.

“நட்சத்திரத்துக்கா? எவ்ளோக்கா இருக்கும்?”

“பத்து நாளைக்கு ஒரு துடிப்பு. அதோட வெளிச்சம் கூடிக் கொறையுதுல்ல, அதான் துடிப்பாம்.”

“ஐயையோ! நம்ம வார்டா இருந்தா டாக்டர கூப்ட்டிருப்போம்.”

“மெதுவா துடிச்சா, அதோட நெஜ வெளிச்சம் ஜாஸ்தியாம். இங்கருந்து எவ்ளோ மங்கலா தெரியுதுன்னு பாத்தா, அது இருக்கிற கேலக்ஸி எவ்ளோ தூரம்னு சொல்லிடலாமாம்.”

“உங்களுக்கு இது புரியுதாக்கா?”

“மொதல்ல புரியல. வீட்ல அவ பேசினா தெருவுக்கே கேக்கும். நேத்து போன்ல, ‘நல்லாத்தாம்மா இருக்கேன்’னு சன்னமா சொன்னா. அப்பத்தான் தெரிஞ்சுது, எவ்ளோ தூரத்துல இருக்கான்னு.”