பிடி அரிசி

மேரிராணி: ஏண்டி எஸ்லினு, மூட்டைய வாசல்ல வெச்சோமா, வந்தோமான்னு இல்லாம... உள்ள இருந்து கங்கப்பன் தாத்தா 'யாரு'ன்னு கேட்டா, 'யாரூ இல்ல'ன்னு கன்னடத்துல பதிலு வேற சொல்லுறே?

எஸ்லின்: பயத்துல வந்துருச்சுக்கா. நல்லவேளை, அவரும் 'சரி'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு.

மேரிராணி: விடிஞ்சதும் பாரு... மாதேஸ்வரசாமியே வந்து அரிசி வெச்சுட்டுப் போச்சுன்னு தெருவெல்லாம் சொல்லப் போறாரு.

எஸ்லின்: சொல்லட்டும். நம்ம பேரு வராம இருந்தா சரி.

மேரிராணி: மெதுவா ஓட்டு. எதிர்ல ஒண்ணியும் தெரியல.

எஸ்லின்: லைட்ட போட்டா பனி தெரியுதுக்கா. அணைச்சா அதுவும் தெரியல... அட, அங்க பாருங்க. வெள்ளையா... ஏரியா அது?

மேரிராணி: இங்க ஏதுடி ஏரி? ரோஜாப் பண்ணையோட பிளாஸ்டிக் கொட்டாய். உள்ள விளக்கு எரியுது.

எஸ்லின்: பனி மேல மெதக்குற மாதிரி இருக்குதுக்கா. அப்படியே வண்டிய உள்ள வுட்டுட்டா, வேற ஏதோ ஊருக்குப் போயிருவோம் போல...

மேரிராணி: போவே, போவே. பின்னாடி நான் ஒருத்தி, மடியில அரிசி மூட்டையோட உக்காந்திருக்கேன். கண்ண ரோட்டுல வை.

எஸ்லின்: அந்த ஊர்ல யாரும் யாரையும் தெரிஞ்சுக்க மாட்டாங்க. வேணுங்கறத எடுத்துக்கலாம், இருக்கறத வெச்சுட்டுப் போலாம்... ஓரமா போறேன், பஸ்ஸு வருது. சத்தம் கேக்குது, பஸ்ஸத்தான் காணோம்.

மேரிராணி: உங்க கம்பெனி பஸ்ஸுதானே, ஃபர்ஸ்ட் ஷிஃப்டு?

எஸ்லின்: ...ஆமா.

மேரிராணி: உனக்கு நேரமாகலையா?

எஸ்லின்: எனக்கு செகண்ட் ஷிஃப்டு.

மேரிராணி: போன வாரமும் செகண்டுன்னே.

எஸ்லின்: மாத்தி வுட்டுட்டாங்கக்கா.

மேரிராணி: உன் புருசன் ஆஸ்டினுக்கு?

எஸ்லின்: அவருக்கு நைட்டு. இன்னும் வந்திருக்க மாட்டாரு.

மேரிராணி: ம்...

எஸ்லின்: என்னக்கா, 'ம்'முன்னு இழுக்கறீங்க?

மேரிராணி: குளுருதுடி. பல்லு கிட்டிக்கிச்சு. ஆமா, உன் பொண்ணு லிபியா ஸ்கூல்ல ஏதோ கம்பெனிக்காரங்க வந்து பேகு குடுத்தாங்களாமே?

எஸ்லின்: அத ஏன் கேக்கறீங்க... பேனருக்குக் கீழ நிக்க வெச்சு குடுத்தாங்களாம். போட்டோவுல இவ சிரிக்கலையாம். குடுத்த பேக வாங்கிட்டு, 'சிரி பாப்பா'ன்னு சொல்லி மறுபடியும் குடுத்திருக்காங்க.

மேரிராணி: அடப்பாவமே!

எஸ்லின்: பேகு நல்ல பேகுதான். ஆனா மாட்ட மாட்டேங்கறா. கிழிஞ்ச பழைய பேகையே தூக்கிட்டுப் போறா. அவங்க குடுக்காமலே இருந்திருக்கலாம்க்கா.

மேரிராணி: அப்படிச் சொல்லாத. குடுத்தது தப்பில்ல, வாங்கற மூஞ்சிய உத்துப் பாத்துக்கிட்டே குடுத்தாங்க பாரு, அதுதான் தப்பு. நம்ம கோயில்ல காணிக்கைப் பாட்டு பாடும்போது பொம்பளைங்க எல்லாம் இந்த மூட்டை அரிசிய மூடின கையில பிடி பிடியா கொண்டு வர்றோமே, எதுக்கு? டின்னுல யாரு அள்ளிப் போட்டா, யாரு கிள்ளிப் போட்டான்னு ஒருத்திக்கும் தெரியக்கூடாதுன்னுதானே?

எஸ்லின்: தெரிஞ்சா ஒருத்தி தலை நிமிரும், ஒருத்தி தலை குனியும்.

மேரிராணி: வாங்கறவளுக்கும் அப்படித்தான். போன வருசம் எங்க வூட்டு வாசல்ல ஒரு மூட்டை இருந்துச்சுன்னு சொன்னேன்ல...

எஸ்லின்: எப்போ சொன்னீங்க?

மேரிராணி: சொல்லலையா? எங்க வூட்டுக்காரரு ஜான்பீட்டருக்கு முதுகு போய்ப் படுத்துக் கெடந்தப்போ. ஃபாதர்கிட்டகூட வாய் தொறக்கல நான். எப்பவும் போல பூ வெச்சுக்கிட்டுதான் பூசைக்கு வந்தேன். ஒரு நாள் கதவத் தொறக்கறேன், மூட்டை! எவ வெச்சான்னு வயிறு எரிஞ்சுது. தூக்கி ரோட்டுல கொட்டிடலாம்னு இருந்தேன்.

எஸ்லின்: கொட்டினீங்களா?

மேரிராணி: எங்க கொட்டறது? அந்த மனுசன் பசியில கண்ண மூடிக் கெடந்தாரு. ஒலை வெச்சேன். பொங்கி எறக்கி, தட்டுல போட்டு, முதல் வாய் வெக்கிற வரைக்கும் மானம் போச்சு, மானம் போச்சுன்னு இருந்துச்சு. வாயில வெச்சதும்... சோறுடி அது. வெறும் சோறு. எத்தன வூட்டு அரிசியோ, ஒண்ணு நீட்டம், ஒண்ணு குட்ட... அதுல எது எவளோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அழுதுக்கிட்டே தின்னேன்.

எஸ்லின்: ...யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலையா?

மேரிராணி: தெரியல. தெரிஞ்சா கால்ல வுழுந்திருப்பேன். இல்ல, மூஞ்சியில முழிக்காமலே இருந்திருப்பேன். தெரியாததும் நல்லதுதான். வலது பக்கம் திருப்பு.

எஸ்லின்: இந்தத் தெருவுக்கு இப்பத்தானேக்கா வந்தோம்? சுத்திச் சுத்தி வர்றோம் போல இருக்குது.

மேரிராணி: பனியில எல்லாத் தெருவும் ஒண்ணுதான். போ, போ.

எஸ்லின்: இருக்கறது கடைசி மூட்டை. யாரு வூட்டுக்குன்னு சொல்லுங்க, நானே கண்டுபிடிச்சுப் போறேன்.

மேரிராணி: சொல்லிட்டா நீ வர மாட்டே.

எஸ்லின்: என்னக்கா பேசறீங்க? நான் என்னைக்கு வர மாட்டேன்னேன்?

மேரிராணி: அந்த முருங்கமரம் தெரியுதுல்ல, அங்க நிறுத்து.

எஸ்லின்: இங்க எதுக்குக்கா? நேராப் போயிரலாம்.

மேரிராணி: நிறுத்துடி.

எஸ்லின்: அக்கா, இது எங்க வூடு.

மேரிராணி: ஆமா. ஆஸ்டின் வண்டி வாசல்லயே நனைஞ்சுக்கிட்டு நிக்குது. நைட் ஷிஃப்டுக்கு நடந்தா போனான்?

எஸ்லின்: ...கம்பெனியில நாங்க வேலை செஞ்ச லைன மூடிட்டாங்கக்கா. ரெண்டு பேரும் ஒரே லைனு. ஒரே நாள்ல வெளிய வந்துட்டோம்.

மேரிராணி: உங்களுக்கு முடியலன்னு தெரிஞ்சுதான் போன மாசம் யாருக்கும் தெரியாம ஒரு மூட்டை இதே வாசல்ல வெச்சேன். நீ என்ன பண்ணினே? 'பனியில வூடு மாறி வெச்சுட்டோம் போலக்கா'ன்னு என்கிட்டயே தூக்கிட்டு வந்து குடுத்தே. போட்ட முடிச்சுகூட அவுக்கல.

எஸ்லின்: எங்களுக்கு வேணாம்க்கா. எங்களவிட இல்லாதவங்க இருக்காங்க.

மேரிராணி: இருக்காங்க. அவங்களுக்கும் போவுது. புள்ளைக்கு நேத்து என்ன போட்டே?

எஸ்லின்: ...டீயும் பன்னும்.

மேரிராணி: புள்ள டீயும் பன்னும் திங்குது, நீ ஊரு பூரா அரிசி மூட்டை எறக்கிட்டு வர்றே.

எஸ்லின்: வாங்கிட்டா அப்புறம் எப்படிக்கா வாரா வாரம் அந்தக் கூட்டத்துல வந்து நிக்கறது? குடுக்கறவங்க வரிசை அது.

மேரிராணி: நான் நிக்கலையா?

எஸ்லின்: எங்களுக்கு முடியலன்னு உங்களுக்கு யாரு சொன்னா? ஆஸ்டின் சொன்னாரா?

மேரிராணி: நீதான் சொன்னே.

எஸ்லின்: நானா? நான் வாயே தொறக்கல!

மேரிராணி: கையத் தொறந்தியே. டின்னு மேல கைய நீட்டறே, தொறக்கறே, மூடிக்கிட்டுப் போறே... பின்னாடி நிக்கறவளுக்குக் கேக்கும்டி. பிடி அரிசி வுழுந்தா சரசரன்னு ஒரு சத்தம் வரணும். வரல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வெறுங்கைய மூடிக்கிட்டு வந்து நிக்கறே... மூஞ்சியப் பாக்காம குடுக்கணும்னுதான் முதல்ல வெச்சேன். நீ திருப்பிக் குடுத்துட்டே. அதான் இன்னைக்கு மூஞ்சிக்கு நேராவே கொண்டாந்தேன். ஏசறதுன்னா ஏசு. ஆனா லிபியா எழுந்திரிக்கறதுக்குள்ள ஒலைய வை.

எஸ்லின்: ...அந்தப் பக்கம் பிடிங்கக்கா. தனியா தூக்க வரல.

மேரிராணி: பிடிச்சுட்டேன், தூக்கு. மெதுவா... ஏண்டி, அழுவறியா, சிரிக்கறியா?

எஸ்லின்: போன வருசம் டின்னு மேல நீங்க கையத் தொறந்தப்பவும் சத்தம் வரல... பின்னாடி நின்னது நான்தான்க்கா.