தொப்பி போட்ட கொட்டைப்பாக்கு

— கணேசண்ணை, இந்தப் பலகையை ஒருக்கா வாசியுங்கோ. பாதைக்குக் குறுக்கை கட்டிக் கிடக்கு.

— நீ வாசியடா வாமதேவன். என்ரை கண்ணாடி கோலியர்ஸ் வுட் வீட்டிலை, ரீவிக்கு மேலை கிடக்கு.

— என்ரையும் வீட்டிலைதான் அண்ணை.

— நல்ல சோடி. சீனி வருத்தத்துக்கு நட எண்டு டொக்டர் சொன்னது, டூட்டிங்கிலை மரக்கறி வாங்க நடக்கிறதை. நீதான் லண்டனுக்கு வெளியிலை, இந்தச் சறே மேட்டிலை கொண்டந்து விட்டனி. பாதைக் கம்பங்களிலை இருக்கிற தொப்பி போட்ட கொட்டைப்பாக்குப் படத்தைப் பாத்துக்கொண்டே போகலாம், ஒரு எழுத்தும் தேவையில்லை எண்டாய்.

— படம் இடப்பக்கம்தான் காட்டுது. பலகையெல்லோ மறிக்குது. சிவப்பு எழுத்து வேறை.

— நாலு மணிக்கு எனக்கு ஷிப்ட், விளங்குதோ. ஒருநாள் ரெயில் பிந்தினதுக்கே எச்சரிக்கைக் கடிதம் தந்தவங்கள். பர்சுக்குள்ளை மடிச்சு வைச்சுக்கொண்டு திரியிறன். இன்னொருக்காப் பிந்தினால் வேலை போச்சு.

— தெரியும். வாசிச்சுச் சொன்னதே நான்தானே.

— அப்ப இதையும் வாசி. கண்ணைச் சுருக்கிப் பார்.

— சுருக்கினாலும் வராது அண்ணை. இங்கிலிசிலை என்ரை பேர் மட்டும்தான் எழுதுவன். கண்ணாடி பார்வைக்கில்லை, மரியாதைக்கு.

— அட பாவி. நானும் அதுக்குத்தான் வாங்கினனான்.

— நீங்களுமோ?

— ஏஜென்சிக்காரன் காட்டுக்குள்ளாலை கூட்டியந்தபோதும் ஒரு பலகையும் வாசிக்கேல்லை. அவன்ரை முதுகைப் பாத்துத்தான் லண்டன் வந்து சேந்தனான். பொறு, பொறு. அப்ப என்ரை கடிதத்தை எப்பிடி வாசிச்சனி?

— நீங்கள் பிந்திப் போய் ஒரு கிழமையிலை வந்தது. மேலை சிவப்பு எழுத்து. வேறை என்னவா இருக்கும் எண்டு...

— குத்துமதிப்பா வாசிச்சிருக்கிறாய்.

— உங்கடை மூஞ்சையையும் பாத்துத்தான் வாசிச்சனான்.

— ரெண்டு வருசமா ஒரு மணித்தியாலம் முந்திப் போய்க் குளிருக்கை வாசலிலை நிக்கிறன். காய்ச்சலுக்கும் லீவு எடுக்கேல்லை. மனுசி கேட்டால், வேலையிலை அவ்வளவு விருப்பம் எண்டு சொல்லுறன்.

— கம்சிகாவுக்குப் பலகை, கடிதம் ரெண்டையும் படம் எடுத்து அனுப்புங்கோ.

— பெத்த மகளுக்கு முன்னாலை வெக்கமடா.

— அங்காலை நிக்கிற மாடு முட்டினால் அதைவிட வெக்கம்.

— ... ஹலோ, பிள்ளை, படம் வந்ததோ? கெதியா வாசி. அப்பா ஷிப்ட்டுக்குப் போகோணும்.

— கண்ணாடியை மறந்திட்டீங்களா, அப்பா?

— இல்லைப் பிள்ளை. எனக்கு வாசிக்கத் தெரியாது.

— தெரியும் அப்பா. என்ரை ஸ்கூல் ரிப்போர்ட்டைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு கெட்டிக்காரி எண்டு சொன்னனீங்கள். பரவாயில்லை. பாலம் உடைஞ்சு கிடக்காம், வலப்பக்கத்தாலை போங்கோ. ஸ்டேசன் ஒரு மைல்தான்.

— அப்பாடா. மற்றது? அந்த எச்சரிக்கைக் கடிதம்?

— எந்த எச்சரிக்கை? சிவப்பிலை பெரிசா 'நன்றி' எண்டெல்லோ கிடக்கு. இருபது வருசம் வேலை செய்ததுக்கு ஒரு கிழமை லீவும் தந்திருக்கினம், அப்பா. போன வருசம் மார்ச்சுக்குள்ளை எடுத்திருக்கோணுமாம்.