பச்சை லைட் எரியற பொட்டி

ஸ்டூல்லேருந்து எறங்கிட்டீங்களா தம்பி? கசிவு பாக்கற பொட்டி அங்கேயே இருக்கட்டும். குழாய்ல வர்ற கேஸ் மேலதானே ஏறும், அலமாரி உச்சிதான் சரியான இடம். உட்காருங்க. டீ குடுக்கலாம்னா, லீக் பாக்கறப்போ அடுப்பைப் பத்த வைக்காதீங்கன்னு நீங்களே சொல்லுவீங்க. தண்ணிதான். குடிங்க.

பச்சை லைட் எரியுதா? எரியட்டும், எரியட்டும்.

அதுக்குள்ள ஃபாரம் எழுதியாச்சா! கசிவு இல்லைன்னு போட்டாச்சு. அடேயப்பா, எழுத்து முத்து முத்தா இருக்கு. எங்க வீட்டுக்காரர் எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கும். கையெழுத்தா? போடறேன், போடாம எங்க போயிடப் போறேன். கண்ணாடியைத் தேடறேன், இருங்க.

இந்த மாசத்துல கேஸ் ஆபீஸ்லேருந்து வர்ற மூணாவது ஆளு நீங்க. மொத ஆளு சுவிட்சைப் போட்டார், பச்சை எரிஞ்சுது, எழுதினார், போயிட்டார். மொத்தம் ரெண்டே நிமிஷம். ஒரு வார்த்தை சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன், எங்களுக்கே பாடம் எடுக்கறீங்களாம்மான்னுட்டார். ரெண்டாவது ஆளு வாசப்படியில நின்னுக்கிட்டே பொட்டியை உள்ள நீட்டினார். தெருவுல கேஸ் இருக்கான்னு பாத்தாரோ என்னமோ!

காலையில சமையல்ரூம் கதவைத் தொறந்தா லேசா ஒரு நாத்தம் தம்பி. வீட்டுக்காரர் கற்பனைங்கறார். அவருக்கு வருஷம் பூரா ஜலதோஷம், அவர் மூக்கை நம்பி நான் என்ன பண்ண? வீட்டு ஓனர் அதுக்கும் மேல. உங்க ஆபீஸ் எழுதிக் குடுத்தாத்தான் சுவரை உடைச்சுக் குழாயைப் பாப்பாராம். புதுசா டைல்ஸ் ஒட்டியிருக்காராம். அந்த டைல்ஸ் மேல இருக்கற பாசம் எங்க மேல இல்ல.

சிரிக்கறீங்க. சாயங்காலம் என் தங்கச்சி ஆஸ்பத்திரியிலேருந்து நேரா இங்கதான் வர்றா, பன்னெண்டு நாள் குழந்தையோட. அதோ, சமையல்ரூமை ஒட்டின ரூம்தான் அவளுக்கு.

கெளம்பறீங்களா? ஸ்டூலா? அடடா, நீங்க தண்ணி குடிக்கறப்போ வீட்டுக்காரர் தூக்கிட்டுப் போயிட்டாரே. பக்கத்து வீட்டுல பல்பு மாத்தணுமாம். இதோ வந்துருவார். ஏன் எம்பறீங்க, எட்டாது. உங்களைக் குள்ளம்னு சொல்லல, எங்க அலமாரி உசரம்.

இன்னும் பதினாலு வீடு பாக்கணுமா! அதான் பேட்டரி தீந்துரக் கூடாதுன்னு வீட்டுக்கு வீடு அணைச்சு எடுத்துட்டுப் போறீங்க. எனக்கு எப்படித் தெரியுமா? அது இருக்கட்டும், மணி என்ன? நீங்க சுவிட்ச் போட்டது பத்து அஞ்சுக்கு. இப்ப இருபத்தி நாலா? இன்னும் ஒரே நிமிஷம்.

கோவிச்சுக்காதீங்க. கண்ணாடி என் தலை மேலதான் இருக்கு. ஸ்டூல் கட்டிலுக்கு அடியில.

அந்தப் பொட்டி வெல கம்மி தம்பி. உள்ள இருக்கற சென்சார் நல்லா சூடானாத்தான் அதுக்கு கேஸ் தெரியும். இருபது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் வாயே தொறக்காது. பச்சை எரியுதுன்னா கேஸ் இல்லைன்னு அர்த்தம் இல்ல, பேட்டரி இருக்குன்னு அர்த்தம். கூடவே ஒரு சீட்டுல எழுதித்தான் வைக்கறோம். சீட்டை யாரு படிக்கறா?

வைக்கறோம்னா? ஆமா, அதைச் செய்யற கம்பெனியில டெஸ்ட் பண்ற மேஜை என்னோடதுதான். உங்க ஆபீஸுக்கு வந்த அத்தனை பொட்டியும் மொதல்ல என் காதுல கத்தினதுதான். அங்கேருந்து ஒண்ணைக் கொண்டாந்து இங்க வச்சேன், கத்தி ஊரைக் கூட்டிருச்சு. உங்க ஆபீஸ்ல என்ன சொன்னாங்க தெரியுமா? எங்க ஆள் கையில இருக்கறது கத்தினாத்தான் செல்லும்னுட்டாங்க.

கேக்குதா? ஐயோ, கத்துது தம்பி. அந்த ஜன்னலைத் தொறங்க, நான் இதைத் தொறக்கறேன். ஃபேன் சுவிட்சைத் தொட்டுராதீங்க. வெளியில வால்வுகிட்ட வீட்டுக்காரரை நிக்க வச்சிருக்கேன். நம்பிக்கை இல்லாட்டியும் நிக்கச் சொன்னா நிப்பார். என்னங்க, மூடுங்க!

வாங்க, வாசலுக்குப் போயிருவோம். ஃபாரத்துல இல்லைங்கறதை அடிச்சிட்டு, இருக்குன்னு எழுதுங்க. ஆங், அப்படித்தான்.

அப்புறம் தம்பி, இன்னிக்குக் காலையிலேருந்து எத்தனை வீட்டுல இல்லைன்னு எழுதிட்டு வந்தீங்க?