ஒரு கூரை, பத்துக் கதவு

— அதனால மொத்தத்துல ரொம்ப நன்னா வரைஞ்சிருக்கேள், பிரஜின். மூலையெல்லாம் கச்சிதம். ரெண்டே நாள்ல நூத்திப்பத்துக் கட்டடம். அபாரமாக்கும்.

— பத்மப்ரியா சேச்சி, மொதல்ல தப்பைச் சொல்லிடுங்க.

— நான் இன்னும் தப்புன்னு ஒண்ணும் சொல்லலையே.

— போன தடவையும் 'அபாரமாக்கும்'னுதான் ஆரம்பிச்சீங்க. அப்புறம் அறுபது வீட்டைத் திருப்பி அனுப்பினீங்க. ஒள்ளதைச் சொல்றேன், அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்ப எத்தனை வீடு திரும்பி வரும்னு எண்ண ஆரம்பிச்சுடறேன்.

— எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கா. சம்பளம் இல்லாம வரைஞ்சு தரவா கிட்ட முதல்ல ரெண்டு நல்லது சொல்லணும், நடுவுல குறை, கடைசில மறுபடி ஒரு நல்லது. மனசு நோகப்படாதாம்.

— மூலை ஒண்ணு, நூத்திப்பத்து ஒண்ணு. ரெண்டு நல்லதும் ஆச்சு அல்லே? இனி நடுவுல உள்ளதைச் சொல்லுங்க. கழக்கூட்டத்துல ஒம்பதாவது மாடி சாரத்து மேல நிக்கறேன். டீ குடிக்கற நேரம் முடியறதுக்குள்ள பேசி முடிக்கணும்.

— சாரத்து மேலயா? கீழ இறங்கிப் பேசப்படாதோ?

— கீழ ரேஞ்சு கிடைக்காது.

— கம்பியைப் பிடிச்சுக்கோங்கோ. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு, மேப்புல உங்களுக்குக் கொடுத்த கட்டத்தைத் திறந்து வெச்சிண்டிருக்கேன். வித்துரா சந்தைக்குப் பின்னால இருக்கற ஓட்டு வீடெல்லாம் கூரையைவிடச் சின்னதா இருக்கு. நாலு பக்கமும் ஒரே அளவா உள்ள தள்ளிக் கோடு போட்டிருக்கேள். கண்ணுல ஏதானும் கோளாறா?

— கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆகாசத்துலேருந்து எடுத்த படத்துல தெரியறது ஓடு சேச்சி. ஓடு சுவரைத் தாண்டி ரெண்டடி வெளிய நிக்கும். எறவாணத்தைப் போய் வீடுன்னு எப்படிச் சொல்றது? அந்த ரெண்டடியைக் கழிச்சுட்டு சுவரு மேல கோடு போட்டேன். பதினாலு வருஷமா கொத்தன் வேலை பார்க்கறேன், எனக்குத் தெரியாதா?

— சுவர் படத்துல தெரியறதா?

— தெரியலை.

— தெரியாததை எப்படி வரைவேள்?

— சுவர் இல்லாம ஓடு எப்படி நிக்கும்?

— கூரை ஓரத்துல கோடு போட்டாப் போறும் பிரஜின். அடுத்தது, ரேஷன் கடைக்கு வடக்கே ஒரு வீடு வரைஞ்சிருக்கேள். படத்துல அங்கே ரப்பர் மரமாக்கும் இருக்கு.

— படம் பழசு. இப்ப அங்க வீடு இருக்கு, போன மாசம் பால் காய்ச்சினாங்க. நான்தான் கட்டினேன்.

— அப்போ அதுக்கு ஒரு குறிப்பு எழுதி வைங்கோ. ஆனா அதுக்குப் பக்கத்துலேயே ஒரு ரெண்டு மாடி வீடு பளிச்சுன்னு தெரியறது. அதை ஏன் விட்டேள்?

— அதை வீடுன்னு என்னால ஒத்துக்க முடியாது. மேல்தளம் வார்த்த அன்னிக்கு நான் அங்க இருந்தேன். கம்பி கட்டின லட்சணத்தை இந்தக் கண்ணால பார்த்தேன்.

— நாம சர்டிபிகேட் கொடுக்கறதுக்கு உட்காரலை. இருந்தா வரையணும்.

— விழுந்துட்டா?

— விழுந்தா அழிச்சுக்கலாம். பிரஜின், நீங்கோ பண்றதெல்லாம் ஒரே தப்பாக்கும். கண்ணுக்குத் தெரியறதை வரையச் சொன்னா, மனசுக்குத் தெரிஞ்சதை வரைஞ்சு வெக்கறேள்.

— இது நடுவுல உள்ளதா, கடைசியில சொல்ற நல்லதா?

— நடுதான், இன்னும் முடியலை. போனக்காட்டு லயம் பாக்கி இருக்கு.

— அதை மட்டும் தொடாதீங்க சேச்சி.

— தொடாம எப்படி? ஏழாம் லயம், எஸ்டேட்டுக்காராளுக்குன்னு வரிசையாக் கட்டின வீடு. படத்துல நீளமா ஒரே தகரக் கூரை. நீங்கோ அதைப் பத்தாக் கூறு போட்டிருக்கேள். மூணு தடவை திருப்பி அனுப்பினேன். மூணு தடவையும் பத்தாவே திரும்பி வந்துடுத்து. இன்னிக்கு நாலு மணிக்குப் படத்தைப் பூட்டிடுவா. அதுக்கப்புறம் யாரும் மாத்த முடியாது.

— பத்து வீடு இருக்கு, பத்து வரைஞ்சேன். பத்தாவது கதவுல பொறந்தவன் நான்.

— ஒரு கூரைன்னா ஒரு கட்டடம். அதாக்கும் ரூல். மேலும் அந்த லயத்துல ஆளே இல்லைன்னு போன வருஷ ரிப்போர்ட்ல இருக்கு.

— அந்த ரிப்போர்ட்டைப் பத்திப் பேசினா எனக்கு வாயில வேற வார்த்தை வரும். நாலு மணிக்குப் பூட்டற படம் எங்க போகும், சொல்லுங்க.

— வித்துராலேருந்து கிளம்பற ஜீப்புக்குப் போகும். ஜூன் மாச எடவப்பாதி மழையில ரோடு அடையற மாதிரி இருந்தா, நம்ம நிவாரணக் குரூப்காரா படத்தை வெச்சிண்டு ஒவ்வொரு கட்டடமாத் தட்டி, ஆள் இருந்தா அரிசி கொடுத்து டிக் பண்ணுவா.

— அதேதான். ஒரு கட்டடம்னு போட்டா ஒரு கதவைத்தான் தட்டுவாங்க. போன வருஷம் அப்படித்தான் ஆச்சு. வேலை இல்லாம ஒம்பது வீட்டுக்காரங்களும் எறங்கிப் போயிட்டாங்க. பத்தாவது வீட்டுல எங்க அம்மை மட்டும் இருக்கு. என்கூட வந்து இருன்னா கேக்காது, வாடகை வீட்டுல கோழி வளக்க விட மாட்டாங்கன்னு சொல்லும். ரோடு இடிய ஆரம்பிச்சப்ப ஜீப்பு வந்திருக்கு. மொதல் கதவைத் தட்டியிருக்காங்க. பூட்டிக் கெடந்தது. ஆளில்லைன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, ரோடு திறக்கற வரைக்கும் ஆறு நாள் சக்கைக்கொட்டையை அவிச்சுத் தின்னுட்டு இருந்தது. இப்பவும் பலாமரத்தைக் கண்டா ஏசும்.

— ஆறு நாளா?

— ஆறு நாள். இந்தத் தடவை பதினாறாச்சுன்னா? எழுவது வயசு சேச்சி. அதுக்குத்தான் இந்தப் பத்துப் பெட்டியும்.

— அந்த மழையில அவா பாடு அவாளுக்கு. படத்துல ஒண்ணுன்னு இருந்தா ஒண்ணுதானே தட்டுவா? மூணு தடவை தட்டியிருப்பா, கூப்பிட்டும் பார்த்திருப்பா. மண்ணு சரியறதுன்னு டிரைவர் ஹார்ன் அடிச்சிண்டே இருந்திருப்பான்.

— நீங்க எதுக்கு அவங்களுக்கு வக்காலத்து வாங்கறீங்க?

— வக்காலத்து இல்லை. ரூல்படி பண்ணினவாளைத் தப்பு சொல்லப்படாது, அவ்வளவுதான். உங்களுக்கு ஒரு ரூல், மத்தவாளுக்கு ஒரு ரூல்னு வெச்சுக்க முடியாது பிரஜின்.

— சரி சேச்சி, ரூல்னா ரூல். 'எல்லாக் கட்டத்துக்கும் இது பொருந்தும்'னு காலையில எழுதி அனுப்பினீங்க அல்லே? நான் அப்படியே அனுசரிச்சுட்டேன்.

— எங்கே அனுசரிச்சேள்? லயம் இன்னும் பத்தாத்தானே இருக்கு?

— எனக்குக் கொடுத்த ரெண்டாவது கட்டத்துல. கரமனை ஆறு கரையேறினா தண்ணி வர்ற இடம்னு சொல்லிக் கொடுத்தீங்களே, அது. அங்க ஒரு அக்ரகாரத் தெரு. யாரோ முப்பத்திரண்டு வீடு வரைஞ்சு வெச்சிருந்தாங்க. நான் பார்த்தேன், இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஓடு, ரெண்டு வரிசை. முப்பத்திரண்டையும் ரெண்டாக்கிட்டேன்.

— அது என் தெருவாக்கும். வரைஞ்சதும் நானாக்கும்.

— நீங்களா? மூலையெல்லாம் கச்சிதமா இருந்தது சேச்சி. அபாரம்.

— இருங்கோ, திறந்து பாக்கறேன். கடவுளே, தெருவையே காணும். ரெண்டு ரயில்வண்டி நிக்கறாப்ல இருக்கு.

— என்னடி பப்பி, தெருவைக் காணுமா?

— ஒண்ணுமில்லை அப்பா. கம்ப்யூட்டர்ல. நீங்கோ பேப்பர் படியுங்கோ.

— எங்கே, காட்டு. இதுல நம்மாத்தைக் காட்டு.

— இதோ, இந்த நீளக் கட்டடத்துக்குள்ள நடுவுல எங்கேயோ.

— அப்போ பக்கத்தாத்து கைலாஷோட ஆம் எது?

— அதுவும் இதேதான்ப்பா.

— அவா ஆமும் நம்ம ஆமும் ஒண்ணா? நடுச்சுவர் யாரோடதுன்னு இருபத்தியாறு வருஷமா வஞ்சியூர் கோர்ட் படி ஏறி இறங்கிண்டிருக்கேன். அவன் தோப்பனார் போனப்புறம் இவன் வந்து நிக்கறான். நீ ஒரு பொத்தானை அமுக்கிச் சுவரையே எடுத்துட்டியா?

— நான் எடுக்கலைப்பா. பிரஜின்னு ஒருத்தர் எடுத்துட்டார்.

— யார் அவர், வக்கீலா?

— கொத்தனார்.

— கைலாஷ் ஏற்பாடு பண்ணின கொத்தனாரா?

— சார், நான் யாரு ஏற்பாடும் இல்ல. சேச்சி சொன்னதைச் செஞ்சேன்.

— கேட்டியா, நீ சொல்லித்தான் செஞ்சானாம். பெத்த பொண்ணு இந்தக் காரியம் பண்ணுவாள்னு வக்கீல் கிட்ட எப்படிச் சொல்லுவேன்?

— அப்பா, ஒரு வக்கீலும் இதைப் பார்க்க மாட்டார். உள்ள போங்கோ, நான் சரி பண்றேன்.

— சுவர் கிழக்குப் பக்கமா ஒன்பது அங்குலம் நம்மளோடதுன்னும் சேர்த்துப் போடு.

— போடறேன், போங்கோ. பிரஜின், லைன்ல இருக்கேளா? அந்த முப்பத்திரண்டும் இப்பவே திரும்ப வரணும்.

— ஒரு கூரை சேச்சி.

— கூரை ஒண்ணுன்னா ஆம் ஒண்ணாயிடுமா? ஒவ்வொண்ணுக்கும் தனி வாசல், தனி அடுப்பு, தனி ரேஷன் கார்டு. ஓராத்துல சண்டைன்னா அடுத்தாத்துல டிவி சத்தத்தைக் குறைச்சுண்டு கேப்பா. நடுவுல சுவர் இருக்காக்கும்.

— சுவர் படத்துல தெரியறதா?

— பிரஜின்.

— தெரியலைன்னா எப்படி வரைஞ்சீங்க?

— நான் பொறந்து வளர்ந்த தெரு. எது யாரோட ஆம்னு கண்ணை மூடிண்டு சொல்லுவேன்.

— நானும் பத்துக் கதவையும் கண்ணை மூடிட்டுத்தான் வரைஞ்சேன்.

— ம்.

— கேக்குதா சேச்சி? ரேஞ்சு போயிடுச்சா?

— ரேஞ்சு இருக்கு. மறுபடி உங்க கட்டத்தைத் திறந்திண்டிருந்தேன். உங்க லயம் பத்தாவே இருக்கட்டும்.

— அப்ப ரூல்?

— கூரையை எண்ணப்படாது, கதவை எண்ணணும்னு மேல எழுதிப் போடறேன். கேக்கலைன்னா எங்கப்பாவை அனுப்பி வெக்கறேன். பூட்டறதுக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. நான் லயத்துக்கு ஓகே போடறேன், நீங்கோ தெருவைப் பிரிச்சு விடுங்கோ.

— இப்பவே லிபிக்கு மெசேஜ் போடறேன். லேப்டாப் அவகிட்டதான் இருக்கு.

— லிபி யாரு?

— என் பொண்டாட்டி. ஒள்ளதைச் சொல்றேன் சேச்சி, எந்த வீடு எங்கன்னு சொல்றதுதான் நான். கோடு போடறது அவ. அந்த மூலைக் கச்சிதமெல்லாம் அவளோடது.

— அப்போ உங்களுக்குச் சொன்ன நல்லதுல ஒண்ணு குறையறதே.

— நூத்திப்பத்தை வெச்சு ஒப்பேத்திக்கறேன்.

— இதோ, பத்துக்கும் ஓகே போட்டாச்சு, பத்தும் பச்சையாயிடுத்து. தெருவும் பிரிய ஆரம்பிச்சாச்சு. பத்தாவது ஆம், பதினொண்ணாவது ஆம் வந்துடுத்து. உங்க லிபிக்கு நல்ல கை.

— சொல்றேன், சந்தோஷப்படுவா. சேச்சி, இன்னும் ஒரு காரியம். போன வருஷம் அந்த ஜீப்புல வந்தது யாருன்னு குரூப்புல விசாரிச்சுச் சொல்லுவீங்களா? அம்மை ஒரு வருஷமா என்னைப் போட்டு அரிச்சுட்டே இருக்கு, ஆளைக் கண்டுபிடி கண்டுபிடின்னு.

— ஏசறதுக்கா?

— ஏசறதுக்கு இல்ல. தட்டின சத்தம் பத்தாவது வீட்டுல கேட்டிருக்கு. அம்மைக்கு முட்டுல வாதம். இந்தா வாறேன்னு குரல் கொடுத்துட்டு, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு ஒவ்வொரு கதவாத் தாண்டி நடந்திருக்கு. மழைச் சத்தத்துல குரல் கேட்டிருக்காது. மொதல் கதவுக்கு வந்து சேர்றப்ப ஜீப்பு வளைவுல எறங்கிட்டிருந்தது. வாசல்ல ஒரு குடை மட்டும் சாத்தி வெச்சிருந்ததாம், அவசரத்துல மறந்துட்டாங்க. 'பாவம், யாரு பெத்த புள்ளையோ, எனக்காக இம்புட்டு தூரம் வந்துட்டு நனைஞ்சு போயிருக்கே'ன்னு அந்தக் குடையைத் துடைச்சுத் துடைச்சு வெச்சிருக்கு. ஆறு நாள் பட்டினியை விட்டுட்டுக் குடையைப் பத்தித்தான் பேசும். யாருன்னு தெரிஞ்சா கொடுத்து அனுப்பிடலாம்.

— கொடுத்து அனுப்ப வேண்டாம். இந்த வருஷம் ஜீப்புல என் பேரைப் போடச் சொல்றேன். பத்துக் கதவையும் நானே தட்டறேன்.

— நீங்க எதுக்கு சேச்சி அந்த மலையில வந்து கஷ்டப்படணும்? பையனுங்க போவாங்க.

— நான்தான் வரணும் பிரஜின். அந்தக் குடை என்னோடதாக்கும்.